நல்ல வண்டி எங்கிருந்து வருகிறது?

“துருப்பிடித்ததைத் தொடாதே. கையிலிருக்கும் காசுக்குக் கிடைப்பதில் நல்லதாகப் பார்த்து வாங்கு.” இங்கிலாந்தில் பழைய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் ஆசை வைத்தவர் காதில் முதலில் ஓதப்படும் மந்திரம் இதுதான். கார்ப் பத்திரிகைகளின் வழிகாட்டிப் பக்கங்கள் ஓதுகின்றன. கிளப் கூட்டங்களில் பெரியவர்கள் ஓதுகிறார்கள். வாழ்நாளில் ஒரு நட்டைக்கூடக் கழற்றாத மைத்துனர்மாரும் ஓதுகிறார்கள். எல்லோரும் சொல்வதாலேயே இதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால், மேலே பளபளப்பும் உள்ளே பொத்தலுமான வண்டியைப் போலத்தான் இந்த வாதமும் இருக்கிறது.

நான் பேசுவது ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட் என்ற இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி. டொனால்ட் ஹீலியின் ஸ்பிரைட் 1958இல் வந்தது. முன்மூடியின் மேல் துருத்திக்கொண்டு நின்ற விளக்குகளால் அதற்குத் தவளைக்கண் என்று பேர் விழுந்தது. 1961இல் அதன் இரண்டாம் வடிவத்தோடு மிட்ஜெட்டும் பிறந்தது; உடல் ஒன்று, பெயர் இரண்டு. ஆபிங்டன் ஆலையில் 1979 வரை மிட்ஜெட் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஆலையே மூடப்பட்டது. மூன்றரை மீட்டர் நீளம், 700 கிலோவைச் சுற்றி எடை, இரண்டு இருக்கை. தனிச் சேஸிஸ் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்துப் புள்ளி புள்ளியாக வெல்ட் பிடித்துச் செய்த உடல்தான் அதன் எலும்பும். அதனால் இந்த வண்டிக்குத் துரு என்பது தோல் நோய் அல்ல, எலும்பு நோய்.

எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் மலிவு. உடல்வேலைதான் காசைத் தின்னும். துருப்பிடித்த வண்டியைத் திருத்தி முடிக்கும்போது அதன் விற்பனை விலையைவிடச் செலவு கூடியிருக்கும். வெல்டிங் பழகாதவன் செய்தால் உடல் கோணும். வீட்டில் செய்வது ஆபத்து. பெரும்பாலும் பாதியில் நின்று, கடைசியில் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வரும். முடித்தாலும் அது அசல் வண்டியாக இராது. இந்த ஆறிலும் உண்மையின் துண்டு ஒன்று உண்டு. ஆனால் ஆறையும் கூட்டி, “ஆகவே தொடாதே” என்று முடிப்பதுதான் தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நல்ல வண்டி என்ன, வானத்திலிருந்து விழுந்ததா?

ஆக இளைய மிட்ஜெட்டுக்கே இன்று 45 வயது கடந்துவிட்டது. தவளைக்கண்ணுக்கு 60க்கு மேல். இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் பனி உறையாதிருக்கத் தெருவெல்லாம் உப்புத் தூவுவார்கள். உப்புநீர் இரும்பை என்ன செய்யும் என்று கடலோர ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இத்தனை குளிர்காலம் நனைந்த மெல்லிய தகடு இன்று முழுசாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் மூன்றுதான். யாரோ அதை ஓட்டாமலே பூட்டி வைத்திருக்க வேண்டும். அல்லது அது கலிபோர்னியா மாதிரி வறண்ட ஊருக்கு ஏற்றுமதியாகி, வயதான பிறகு திரும்பி வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், யாரோ ஒருவர் உளுத்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டும் அபூர்வம். தெருவில் காணும் நல்ல வண்டிகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகைதான்.

ஆகவே “நல்லதை வாங்கு” என்பதை விரித்தால் “இன்னொருவன் திருத்தியதை வாங்கு” என்றுதான் வருகிறது. எல்லோரும் இந்தப் புத்தியைக் கேட்டு நடந்தால் அந்த இன்னொருவன் யார்? எல்லோரும் பந்தியில் உட்காரச் சொல்லும் இந்த யோசனை, சமைக்கிறவனைப் பற்றி வாயே திறப்பதில்லை.

எழுபதுகளில் தவளைக்கண் வெறும் பழைய வண்டி. உளுத்துப்போனதை உடைப்புக் கடைக்குத் தள்ளுவதுதான் அன்று புத்திசாலித்தனம். இன்று இந்தக் குடும்பத்தில் ஆகக் கூடிய விலை போவது அதுதான். நடுவில் வண்டியைக் காப்பாற்றியது புத்திசாலிகள் அல்ல. கூடாரத் துணிக்கடியில், மழையில், இரவல் வெல்டிங் மிஷினோடு மல்லுக்கட்டியவர்கள்.

2. பார்த்து வாங்கு என்கிறீர்கள், எதைப் பார்ப்பது?

என் முதல் மிட்ஜெட்டை நான் இந்த மந்திரப்படியேதான் வாங்கினேன். சிவப்பு நிறம், கண்ணாடி போலப் பெயின்ட், பக்கத்தில் தடித்த பில் கோப்பு. ஒரு கராஜின் பில்லில் “சில் இரண்டும் புதிது” என்று தெளிவாக எழுதியிருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு நாள், பஞ்சரான பின்சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைத்தேன். சக்கரம் நிலத்தைவிட்டு எழும்புவதற்கு முன்னே கதவைச் சுற்றியிருந்த இடுக்கு மூடிக்கொண்டது. கதவைத் திறக்க முடியவில்லை. ஜாக்கியை இறக்கினேன்; கதவு திறந்தது. அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குக் கிரைண்டர் வைத்துப் பெயின்டை எடுக்க வேண்டியிருந்தது. பெயின்டுக்குக் கீழே விரல் தடிப்புக்குப் பட்டி. பட்டிக்குக் கீழே புதுத் தகடு. புதுத் தகட்டுக்கு உள்ளே, பழைய சில் உளுத்துப்போய் அப்படியே இருந்தது. பில் பொய் சொல்லவில்லை, சில் புதிதுதான். பழையதை எடுத்தோம் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லையே.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி போன்ற தகட்டுக்குத்தான் சில் என்று பேர். கூரையுள்ள காரில் மேலே கூரையும் கீழே சில்லும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். மிட்ஜெட்டுக்குக் கூரை இல்லை. அதன் முதுகெலும்பு இரண்டு பக்கச் சில்லும் நடுவே ஓடும் தகட்டுச் சுரங்கமும்தான். சில் உளுத்தால் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவு இடுக்கு மேற்பக்கம் நெருங்கும். என் ஜாக்கி சொன்ன சேதி அது.

துருவின் வேலையைத் தெரிந்தவனுக்கு மேல் பெயின்ட் ஒரு பொருட்டல்ல. இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடு ஒட்டிய இடுக்கில் நீர் ஏறினால் வெளியேறாது. உள்ளே பிறந்த துரு தகடுகளைப் பிதுக்கிப் பிரிக்கும். பெட்டி போன்ற பகுதிகளின் உட்புறத்துக்கு ஆலையிலேயே பெயின்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே இந்த நோய் உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறதென்றால் அது தொடக்கம் அல்ல, முடிவு. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் தேங்கி, கதவுத் தூணின் அடியையும் சில்லின் முனையையும் ஈரமாகவே வைத்திருக்கும். பின் வில்லுகள் உடலைப் பிடிக்கும் இடம் இன்னொரு சாவுப்புள்ளி. பழைய ஸ்பிரைட்டில் கால்வட்ட வில்லு. அதன் இழுவை முழுதும் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் சிறு பெட்டித் தகட்டில் போய் விழும். 1964இல் அரைவட்ட வில்லுக்கு மாறினார்கள். எங்கே தட்டிப் பார்ப்பது என்பது அதற்கேற்ப மாறும்.

இதையெல்லாம் ஒரு வழிகாட்டிப் பக்கத்தைப் படித்தும் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். நானும் படித்துவிட்டுத்தான் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினேன். உளுத்த சில் ஒன்றைத் தன் கையால் வெட்டித் திறந்தவனுக்குத்தான், திறக்காத சில் ஒன்றைத் தட்டும்போது எழும் சத்தம் எதைச் சொல்கிறது என்று தெரியும். நல்லதாகப் பார்த்து வாங்கு என்ற புத்திமதிக்கு ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகாதே என்பதும் அதே புத்திமதிதான்.

3. நட்டம் என்கிறீர்களே, எந்தக் கணக்கில்?

எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம் இது. “செலவு செய்ததை விற்று எடுக்க முடியாது.” ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் எடுக்க முடியாதுதான். ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை.

முதலாவது ஓட்டை, இது கராஜின் கணக்கு. கராஜில் கொடுத்துத் திருத்தும்போது பில்லில் ஆகப் பெரிய தொகை தகட்டுக்கோ பெயின்டுக்கோ அல்ல, மணிக்கூலிக்கு. சில் ஒன்றின் தகடு பெரிய விலையில்லை. அதை வெட்டி, பொருத்தி, கதவை நூறு தரம் மூடித் திறந்து பார்த்து, வெல்ட் பிடிக்கும் நாட்கள்தான் விலை. அந்தக் கூலியை அப்படியே எடுத்து வீட்டுக் கொட்டகையில் சனிக்கிழமை வேலை செய்பவன் தலையில் ஏற்றிவிட்டு, “பார், எவ்வளவு நட்டம்” என்கிறார்கள். அவன் யாருக்குக் கூலி கொடுத்தான்? வீட்டில் திருத்தக் கூடாது என்பதற்கு, வீட்டில் திருத்தாதவனின் பில்லைச் சாட்சிக்கு அழைப்பது என்ன நியாயம்? அந்தப் பில் சொல்வதெல்லாம், வீட்டில் செய் என்பதுதான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. புதுக் கார் வாங்கியவர் ஷோரூம் வாசலைத் தாண்டிய அன்றே ஒரு பெரிய தொகையை இழக்கிறார். அதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்பதில்லை. தேய்மானம் என்று மரியாதையாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். பாத் நகரில் மோரிஸ் மைனர் கார்களுக்கான நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், எண்பதுகளிலேயே இந்த மரியாதையைக் கேள்வி கேட்டார். புதுக் காரில் தேய்ந்து மறையும் பணத்தை, நன்றாக வடிவமைத்த ஒரு பழைய காரை ஆண்டுதோறும் திருத்தச் செலவழித்தால், பணம் வண்டியிலேயே நிற்கும், வேலை உள்ளூர் ஆட்களுக்குப் போகும் என்பது அவர் வாதம். பிற்பாடு மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். அவருடையது தினசரிக் காருக்கான வாதம். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் ஒன்றை அவர் நிறுவிவிட்டார். எந்தச் செலவை நட்டம் என்பது, எதை வழக்கம் என்பது என்று தீர்மானிப்பது கணக்கல்ல, பழக்கம்.

மூன்று குளிர்காலங்களின் சனிக்கிழமைகளை நான் அந்தச் சிவப்பு வண்டியின் கீழே கழித்தேன். அந்த மணிகளுக்குக் கூலி போட்டுக் காட்டுகிறவர், தான் கிரிக்கெட் பார்த்த மணிகளுக்கும் போட்டுக் காட்டட்டும். பிறகு பேசுவோம்.

4. இது கைதேர்ந்தவன் வேலையாம். கை எப்படித் தேர்ந்ததாம்?

இந்தக் கேள்விக்கு இந்த வண்டியே சரியான பதில். ஸ்பிரைட்டை மலிவாகச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் முன் சஸ்பென்ஷனை ஆஸ்டின் ஏ35இலிருந்தும், ஸ்டியரிங் ரேக்கை மோரிஸ் மைனரிலிருந்தும், 948 சிசி எஞ்சினை இரண்டுக்கும் பொதுவான ஏ சீரிஸ் குடும்பத்திலிருந்தும் எடுத்தார்கள். தவளைக்கண்ணுக்குப் பின்பெட்டி மூடியே கிடையாது, கதவுக்கு வெளிப்பிடியும் கிடையாது. முன்பகுதி முழுதும் ஒரே மூடியாகத் தூக்கிக்கொள்ளும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். சாதாரண மனிதனின் சாதாரண ஸ்பானர் போதும்.

உடலுக்கான தகடுகளும் தேடிக் களைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988இல் எம்ஜிபி காரின் முழு உடலையும் பழைய அச்சுகளைக் கொண்டே மறுபடி செய்யத் தொடங்கியது. மிட்ஜெட் உடலும் பின்னால் வந்தது. முழு உடல் வேண்டாமென்றால் சில், தரை, கதவுத்தூண் அடி என்று துண்டு துண்டாகவும் வாங்கலாம்.

வெல்டிங்? அதில் மந்திரம் எதுவும் இல்லை, ஒழுங்குதான் இருக்கிறது. மிக் மிஷின், 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு. தொடர்ந்து இழுத்தால் பொத்தலாகும், சூட்டில் நெளியும். ஆகவே இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் இன்னொன்று. பழைய தகடுகளில் ஒரு மாதம் பழகினால் இது கைக்கு வரும். வராவிட்டால் வெட்டிப் பொருத்துவதை நீங்கள் செய்யுங்கள். கடைசி வெல்டை மட்டும் தெரிந்த ஒருவரை அழைத்துப் பிடிக்கலாம். அதுவும் வீட்டுத் திருத்தம்தான்.

கோணிப்போகும் என்ற பயத்துக்கும் மருந்து உண்டு. சில்லை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்ட் பிடி. வண்டியைச் சக்கரம் தாங்கும் இடங்களில் நிறுத்து, நடுவில் முட்டுக் கொடுக்காதே. ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடாதே. கதவை மாட்டி மூடிப் பார்க்காமல் எதையும் நிரந்தரமாக ஒட்டாதே. இந்த நாலையும் செய்தவன் வண்டி கோணாது. என் சிவப்பு வண்டியில் இந்த நாலில் ஒன்றையும் செய்யாதவர்கள், பில் புத்தகம் வைத்திருந்த கைதேர்ந்தவர்கள்.

தொழிலாளி இல்லாமல் எதுவும் நடக்காது என்பவர்களை யாழ்ப்பாணத்துக்கு அழைக்கிறேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அங்கே ஐம்பதுகளின் ஆஸ்டினும் மோரிஸும் சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்குகளும் ஓட்டினார்கள், வாத்தியார்மாரும் ஓட்டினார்கள். தேவை வந்த வீட்டில் எல்லாம் கை தேர்ந்தது. புதிதாக வாங்கு என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. ஒருவேளை அதுதான் காரணம்.

5. ஆபத்து உண்டு. அதனால்?

இதில் நான் ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகிறவன் சாகலாம். ஸ்டாண்ட் வைக்காமல் போகாதே. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோகாமல் வெல்டிங் பொறி பறக்கக் கூடாது. காலித் தொட்டி நிறைந்ததைவிடப் பொல்லாதது. அடியில் பூசிய தார் புகைந்து, நீ சாப்பிடப் போன பிறகு தீப்பிடிக்கும். வெல்டை நிறுத்தி ஒரு மணி நேரம் கூடவே இரு. பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதே. நாகம் பூசிய தகட்டைச் சுட்டால் எழும் புகை காய்ச்சலைத் தரும். இரண்டு கலவைப் பெயின்டில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்கவே கூடாது. அந்த ஒரு வேலையை நானே வெளியில் கொடுத்தேன்.

இவை எல்லாம் செய்முறையைப் படி என்பதற்கான காரணங்கள். செய்யாதே என்பதற்கான காரணங்கள் ஆவதில்லை. செய்யாதவர் பத்திரமாக இருக்கிறார் என்பது இன்னும் பெரிய கற்பனை. 2018 மே 20 முதல் பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆக, மிட்ஜெட் எல்லாமே இன்று யாரும் தட்டிப் பார்க்காமல் தெருவில் ஓடலாம். உள்ளே பட்டி நிறைந்த சில்லோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவர் நல்லதாகப் பார்த்து வாங்கியவர். நான் வண்டியை முடித்ததும் கட்டாயமில்லாத அந்தச் சோதனைக்கு நானாகவே கொண்டுபோனேன். விரும்பினால் போகலாம் என்ற வழியைச் சட்டம் மூடவில்லை. யார் ஆபத்தானவர்?

6. பாதியில் நிற்பதற்குத் துருவா காரணம்?

நிற்கிறது, உண்மை. உடல் ஒரு மூலை, எஞ்சின் ஒரு மூலை, இருபது பழப்பெட்டியில் பேரில்லாத போல்ட்டுகள் என்று விற்பனைக்கு வரும் வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றைக் கொன்றது துரு அல்ல, முதல் வார உற்சாகம். வண்டி கிடைத்த ஏழாம் நாளே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கழற்றுவது சுகம், ஒவ்வொரு நாளும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்ற நினைவு போனதும் ஆசையும் போய்விடும்.

பிழை முறையில் இருக்கிறது. கழற்றும் ஒவ்வொன்றும் பேர் எழுதிய பையில் போக வேண்டும். கழற்றுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் வண்டியின் ஒரு மூலைதான். முடிந்தவரை வண்டி தன் சக்கரத்திலேயே நிற்க வேண்டும். சுவரோரம் தள்ளி வைக்கவாவது முடிய வேண்டும். என் வண்டி மூன்று ஆண்டில் ஒரு முறைகூட முழுதாகக் கழன்று கிடந்ததில்லை. அதனால்தான் முடிந்தது. எத்தனையோ பேர் வீடு கட்டத் தொடங்கிக் கூரை போடாமல் விட்டிருக்கிறார்கள். அதற்காக வீடு கட்டாதே என்று யாரும் சொல்வதில்லை. கையிருப்பைப் பார்த்துத் தொடங்கு என்றுதான் சொல்கிறார்கள்.

7. அசல் போய்விடுமாம். எது அசல்?

தரையை மாற்றினாய், சில்லை மாற்றினாய், தூணின் அடியை மாற்றினாய். இனி அது அதே வண்டியா என்கிறார்கள். ஊர்த் தேரைப் பாருங்கள். சக்கரம் மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம், உளுத்த சிற்பத்தை இறக்கிப் புதிதைச் செதுக்கி ஏற்றுகிறோம். சில தலைமுறையில் பழைய மரம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அதற்காக அது வேறு ஊர்த் தேராகிவிட்டதா? கோயிலுக்கும் இதுதான் முறை. ஜீர்ணோத்தாரணம் என்று அதற்கு ஒரு பேரே இருக்கிறது. பழுதானதை மட்டும் எடு, அதே இடத்தில் அதே அளவில் அதே வேலையைச் செய்வதை வை. கைவிடப்பட்டு மண்ணாகும் தேர்தான் அசலை இழந்தது. ஓடும் தேர் இழக்கவில்லை.

பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகமும் ஏறக்குறைய இப்படித்தான் சிந்தித்தது. பெரிதாக மாற்றிய வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க நீண்ட காலம் அது புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. உடலுக்கு 5, எஞ்சினுக்கு வெறும் 1. எஞ்சின் எண் பொருந்துகிறதா என்று குனிந்து பார்க்கும் அசல் பக்தர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு மிட்ஜெட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த உடல் உளுக்கும்போது “தொடாதே” என்பவர்கள், அந்த 5 புள்ளியைத்தான் மண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு மறுப்பை மட்டும் நான் தள்ளமாட்டேன். புகையைச் சுத்தம் செய்யும் கருவி இல்லாத இந்த எஞ்சின், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்றைய காரைவிடக் காற்றை அதிகம் கெடுக்கும். ஞாயிறு மட்டும் ஓடுகிறது என்பது அளவைக் குறைக்கும், குற்றத்தைத் துடைக்காது. ஆனால் பளபளக்கும் வண்டியை வாங்கி ஓட்டினாலும் அதே புகைதான். இந்த மறுப்பு பழைய வண்டியையே எதிர்க்கிறது. துருவைத் திருத்துவதை மட்டும் தனியே எதிர்ப்பதில்லை. “நல்லதாக வாங்கு” என்பவர்கள் இதைத் தங்கள் பக்கத்து ஆயுதமாக எடுக்க முடியாது.

இப்போது விளைவைப் பாருங்கள். எல்லோரும் இந்த மந்திரத்தைக் கேட்டு நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்தவை உடைப்புக் கடைக்குப் போகும். நல்லவை குறையும், விலை ஏறும், காசுள்ளவர் கையில் போய்ப் பூட்டப்படும். வாங்க ஆளில்லாததால் சில்லும் தரையும் அச்சடிப்பது நிற்கும். வெட்டித் திறந்த கைகள் ஓய்ந்துவிடும். ஆனால் துருவுக்கு ஓய்வில்லை. நல்ல வண்டியும் மறுபடி உளுக்கத் தொடங்கும். அன்றைக்கு எது நல்ல வண்டி என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு இந்தக் கதை இப்போதே தொடங்கிவிட்டது. அதன் பின்பக்கச் சில்லும் உளுக்கிறது. உளுத்ததைத் தொடாதே, நல்லதாகப் பார்த்து வாங்கு என்று அதே வாய்கள் அதே மந்திரத்தை ஓதுகின்றன.

என் வண்டி கிரைண்டருக்குக் கீழே கிடந்த நாட்களில், ஊர்த் தம்பி ஒருவர் அடிக்கடி வந்து வாசலில் நின்று பார்ப்பார். “அண்ணை, உந்தத் தகரத்தில காசைக் கொட்டாதேங்கோ. வித்துப்போட்டு நல்லதாப் பாத்து ஒண்டு வாங்குங்கோ” என்பார். போன மாதம் அவரே போன் எடுத்தார். “அண்ணை, நல்ல மிட்ஜெட் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். பெயின்ட் சோக்கா இருக்கு. காசு குடுக்க முன்னம் ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

ஜாக்கியும், பட்டியைக் காட்டிக்கொடுக்கும் காந்தமும் எடுத்துக்கொண்டு போனேன். கதவை நன்றாகச் சாத்திவிட்டு, பின்சக்கரத்துப் பக்கம் ஜாக்கியை வைத்து, “தம்பி, இனிக் கதவைத் திறவும்” என்றேன்.